பழம்பெரும் ஹோட்டல்களில் சாப்பாடு ஏன் இப்படி ஏமாற்றுகிறது?

பழம்பெரும் ஹோட்டல் ஒன்றில் சாப்பிட்டுவிட்டு வந்தவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டுப் பாருங்கள். மாடிப்படி எவ்வளவு அகலம், சரவிளக்கு எவ்வளவு பெரியது, எந்த ராஜா எந்த மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்றெல்லாம் ஆர்வமாகச் சொல்வார். தட்டில் வந்தது எப்படி இருந்தது என்று திரும்பவும் கேட்டால்தான், கொஞ்சம் யோசித்து, "பரவாயில்லை" என்று ஒரு வார்த்தை வரும். அவ்வளவு காசு கொடுத்து, நல்ல உடை உடுத்தி, முன்கூட்டியே மேஜை பதிவு செய்து போய்ச் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு ஏன் "பரவாயில்லை" என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த மாதிரி ஹோட்டல்கள் மேல் நிஜமாகவே பிரியம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே பழைய ஹோட்டல் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்து, தங்க வசதிப்படாவிட்டாலும் ஒரு வேளை சாப்பிட்டாவது வருவேன். உயரமான கூரை, தேய்ந்து வழவழப்பான மரப்படிகள், தடித்த மேஜைத் துணி, தலை நரைத்த பரிமாறுபவர்கள் எல்லாமே எனக்குப் பிடிக்கும். பிடிக்காதவனாக இருந்தால் ஒரு தடவையோடு விட்டிருப்பேன். பிடித்திருப்பதால்தான் இத்தனை கோபம்.

அம்மா அப்பாவின் திருமண நாளுக்கு அவர்களை அப்படி ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப் போனேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. வாசலில் தொடங்கி சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் சுவரெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். அப்பா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று கீழே எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டே வந்தார். மெனுவைத் திறந்தால் முதல் பக்கம் முழுக்க ஹோட்டலின் வரலாறு. யார் கட்டினார்கள், யார் தங்கினார்கள், போர்க்காலத்தில் என்ன ஆனது என்று நன்றாகவே எழுதியிருந்தார்கள். சமையல் செய்கிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் இப்போது எந்த மெனுவிலும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

கூடத்தில் பாதி மேஜைகள் காலி. ஜன்னலோரம் கேட்டுப் பதிவு செய்திருந்தும், கீழே இருக்கும் சமையலறைக்குப் போகிற கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சரி, அதுகூடப் போகட்டும். முதலில் ரொட்டி வந்தது. மேலே கை சுடுகிற சூடு, பிய்த்தால் நடுவில் ஜில்லென்று இருக்கிறது. உறைய வைத்திருந்ததை அவசரமாகச் சூடாக்கினால் அப்படித்தான் ஆகும். வெண்ணெய் கல் மாதிரி கெட்டியாக, கத்தியே இறங்கவில்லை. அப்புறம் சூப். மேலே ஆடை படிந்திருந்தது. கிண்ணத்தின் உள்விளிம்பில், சூப்பின் மட்டத்துக்குச் சற்று மேலே, காய்ந்து போன ஒரு கோடு. அதாவது ஊற்றி ரொம்ப நேரம் ஆகி, மட்டம் கொஞ்சம் இறங்கி, ஓரம் உலர்ந்த பிறகுதான் எங்களிடம் வந்திருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லாமல் ஆடையை ஸ்பூனால் ஒதுக்கிவிட்டுக் குடித்தார்.

முக்கியமான கட்டம் மீன். இரண்டு பேர் வந்து மேஜையின் இருபுறமும் நின்று, ஒரே நேரத்தில் வெள்ளி மூடிகளைத் தூக்கினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மூடியைத் தூக்கிய வேகத்தில் உள்பக்கத்திலிருந்து தண்ணீர்த் துளிகள் தட்டில் சொட்டின. மொறுமொறுப்பாக இருக்க வேண்டிய மீனின் மேல்தோல் நனைந்த காகிதம் போலக் கத்தியோடு உரிந்து வந்தது. இதில் மர்மம் எதுவும் இல்லை. வாணலியிலிருந்து எடுத்ததும் மீனுக்குள்ளிருந்து ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை மூடி வைத்தால் ஆவி மூடியின் குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராகித் திரும்பவும் மீன் மேலேயே விழும். சில நிமிடங்கள் போதும், சமையல்காரர் பாடுபட்டு உண்டாக்கிய மொறுமொறுப்பு மொத்தமும் போய்விடும். சமையலறை பக்கத்தில் இருந்து, சமைத்த கையோடு கொண்டு வந்தால் மூடியே தேவைப்படாது. சூட்டைக் காப்பாற்றத்தான் மூடி. தூரமும் தாமதமும் அதிகமானால் அதுவே உணவைக் கெடுக்கிறது.

அப்பாவின் மீன் நடுவில் வேகவும் இல்லை. பரிமாறியவரிடம் தணிந்த குரலில் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது, உடனே எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்த தட்டில் புதிதாகச் சாஸ் ஊற்றியிருந்தது. சாஸை ஒதுக்கிப் பார்த்தால் அப்பாவின் முள்கரண்டி பதிந்த அதே இடம், அதே துண்டு. திரும்பச் சூடு காட்டி, குத்திய இடத்தைச் சாஸால் மறைத்து அனுப்பியிருக்கிறார்கள். இவ்வளவு பேர்பெற்ற இடத்தில் ஒருவர், இது யாருக்கும் தெரியப் போவதில்லை என்று நினைத்து இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறார் என்பதுதான் என்னை ரொம்பப் புண்படுத்தியது. மீன் வேகாமல் போவது எங்கேயும் நடக்கும். இது அப்படி இல்லை.

பரிமாறியவர் வயதானவர், அந்த ஹோட்டலிலேயே வெகுகாலம் வேலை பார்த்தவர் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. மேஜையைத் துடைக்கிற சாக்கில் குனிந்து, "இன்னைக்குக் கீழே பெரிய விருந்து நடக்குது சார், கிச்சன்ல ஆளுங்க எல்லாரும் அங்கதான் இருக்காங்க" என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் பாதி விஷயம் புரிந்துவிட்டது. அப்புறம் வீட்டுக்குப் போகும் வழியில் சாப்பாடு எப்படிம்மா என்று கேட்டேன். "இடம் எவ்வளவு அழகா இருக்கு பாரேன்" என்றார் அம்மா.

இது ஒரு இடத்தில் மட்டும் நடந்ததாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். வேறொரு பழைய ஹோட்டலில் மாலைத் தேநீருக்கு மூன்றடுக்குத் தட்டில் வந்த சாண்ட்விச்சுகளின் ஓரங்கள் காய்ந்து மேல்நோக்கி வளைந்திருந்தன. தேநீர்ப் பானையிலோ கொதிக்காத வெந்நீர், அதில் ஒரு பை. இன்னொன்றில் காலைச் சாப்பாட்டுக்கு முட்டைப் பொரியல், கீழே மெழுகு விளக்கு எரிகிற பாத்திரத்தில் கட்டியாகி, சுற்றிலும் நீர் விட்டுக் கிடந்தது. வேறோர் இடத்தில், அந்த ஹோட்டலிலேயே பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பானத்தை, பெரிய குடுவையில் முன்பே கலந்து வைத்ததிலிருந்து வரிசையாக ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லா இடத்திலும் கட்டிடம் பளபளவென்று இருந்தது. பித்தளைக் கைப்பிடிகளைத் தினமும் யாரோ துடைத்து மெருகேற்றுகிறார்கள்.

இந்த ஹோட்டல்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. இவற்றில் பலவற்றுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே சமையலறைதான்.

லண்டனில் சவாய் ஹோட்டல் 1889-இல் திறந்தபோது மின்விளக்கும் மின்தூக்கியும் பெரிய அதிசயங்கள். கட்டிய ரிச்சர்ட் டாய்லி கார்ட் நாடகத் தொழில் செய்தவர், காட்சி அமைப்பு அவருக்குக் கைவந்த கலை. ஆனாலும் விளக்கும் தூக்கியும் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சீசர் ரிட்ஸை நிர்வாகத்துக்கு அழைத்து வந்தார். ரிட்ஸோடு ஆகஸ்ட் எஸ்காஃபியே சமையலறைக்கு வந்தார். சுவிட்சர்லாந்தின் ஒரு மலைக்கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தவர் ரிட்ஸ். இவர்கள் இருவரும் சேர்ந்த பிறகுதான் லண்டனின் மேல்தட்டுக் குடும்பங்கள், பெண்கள் உட்பட, வீட்டு விருந்தை விட்டுவிட்டு ஹோட்டலுக்கு வந்து எல்லார் முன்னாலும் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பெருமையாக நினைக்கத் தொடங்கின. அவர்களை இழுத்து வந்ததில் எஸ்காஃபியேயின் சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

எஸ்காஃபியே செய்த பெரிய காரியம் சமையலறை வேலையைப் பிரித்ததுதான். அதற்கு முன் ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாகத் தன் வேலையைத் தானே முழுதும் செய்துகொண்டிருந்தது. ஒரே சாஸைப் பல பேர் பல இடத்தில் கிளறுவார்கள். அவர் சாஸுக்கு ஒருவர், வாட்டுவதற்கு ஒருவர், காய்க்கும் முட்டைக்கும் ஒருவர், மாவுப் பலகாரத்துக்கு ஒருவர் என்று பிரித்து, ஒரு தட்டு பல கைகளில் ஒரே நேரத்தில் உருவாகும்படி செய்தார். இதற்கு எப்போதும் சொல்லப்படும் உதாரணம் ஒரு முட்டை உணவு. ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்தால் கால் மணி நேரம் ஆகும். ஒருவர் முட்டை, ஒருவர் இறைச்சி, ஒருவர் சாஸ் என்று பிரித்தால் சில நிமிடங்களில் தட்டு தயார். சூடான உணவு சூடாகவே மேஜைக்குப் போகவேண்டும் என்பதற்காகவே உருவான ஏற்பாடு இது. உலகம் முழுக்கப் பெரிய சமையலறைகள் இன்னும் அவர் போட்ட இந்த வழியில்தான் நடக்கின்றன. சமையலறையில் கூச்சலையும் குடியையும் அவர் அனுமதிக்கவில்லை. அடுப்பு வெக்கைக்குச் சாராயத்துக்குப் பதில் பார்லித் தண்ணீர் வைத்தார்.

அந்தக் காலத்தில் எல்லாமே பரிசுத்தமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1898-இல் ரிட்ஸும் எஸ்காஃபியேயும் சவாயிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மதுவகைகள் கணக்கில் வராமல் போனது, பொருள் கொடுப்பவர்களிடம் கமிஷன் வாங்கியது என்று குற்றச்சாட்டு. கமிஷன் வாங்கியதை எஸ்காஃபியே பின்னாளில் எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில் பாரிஸில் ரிட்ஸ் ஹோட்டல் திறந்தது, அடுத்த ஆண்டு லண்டனில் கார்ல்டன். சவாயில் இருந்தபோது நெல்லி மெல்பா என்ற பாடகிக்காக எஸ்காஃபியே பீச் பழமும் வெனிலா ஐஸ்கிரீமும் சேர்த்து ஓர் இனிப்பு செய்தார். கார்ல்டனில் அதன் மேல் ராஸ்பெரிச் சாஸ் சேர்ந்தது. இன்றைக்கும் அது அந்தப் பாடகியின் பெயரில்தான் வழங்குகிறது. அவருடைய குரலைக் கேட்காத தலைமுறைகளுக்கெல்லாம் அவர் பெயரைக் கொண்டுவந்து சேர்த்தது ஹோட்டல் சமையலறையில் பிறந்த அந்தக் கிண்ணம்தான்.

இப்படி இன்னும் உண்டு. பாஸ்டனில் 1855-இல் தொடங்கிய பார்க்கர் ஹவுஸ் என்றால் இன்றும் பலருக்கு அந்தப் பெயரில் வரும் மடித்த பன்தான் ஞாபகம். நியூயார்க்கில் 1893-இல் திறந்த வால்டார்ஃப் ஹோட்டலின் பெயரில் இருக்கும் ஆப்பிள், செலரி, மயோனைஸ் சாலட்டை உருவாக்கியதாகச் சொல்லப்படும் ஆஸ்கார் ஷிர்கி அங்கே சமையல்காரர்கூட இல்லை, சாப்பாட்டுக் கூடத்தின் பொறுப்பாளர். அந்த ஹோட்டலின் முதல் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது எம்பயர் ஸ்டேட் கட்டிடம் நிற்கிறது. கட்டிடம் போனாலும் சாலட் இருக்கிறது. வியன்னாவில் சாஹர் ஹோட்டலும் டெமெல் என்ற பலகாரக் கடையும் ஒரு சாக்லேட் கேக்குக்காகப் பல வருடம் நீதிமன்றத்தில் மோதின. யாருடையது அசல், ஜாம் அடுக்கு நடுவில் இருக்க வேண்டுமா மேலே இருக்க வேண்டுமா என்று வழக்கு. எனக்கு அந்த வழக்கைப் பற்றிப் படித்தபோது மதிப்புதான் வந்தது. ஒரு கேக்கில் ஜாம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்காக வக்கீல் வைத்துப் போராடுகிற அளவுக்கு அக்கறை இருந்திருக்கிறதே!

அப்படி இருந்தும் எங்கே கோளாறு? சாப்பிட்ட இடங்களில் பார்த்ததையும், ஹோட்டல் வேலையில் இருக்கும் நண்பர்கள் சொன்னதையும் வைத்துப் பார்த்தால் எனக்குச் சில காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

முதல் காரணம் இடம். அந்தக் காலத்து ஹோட்டல்களில் புகை, வெக்கை, வாசனை எதுவும் விருந்தினர் பக்கம் வரக்கூடாது என்று சமையலறையைப் பெரும்பாலும் அடித்தளத்தில் வைத்தார்கள். கரி இறக்கவும் அதுதான் வசதி. தூரத்தை ஈடுகட்ட ஏராளமான ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஓட்டமாய்த் தட்டு போய்ச் சேரும். இப்போது தூரம் அப்படியே இருக்கிறது, ஓடுவதற்கு ஆள் இல்லை. சமையலறையை மேலே கொண்டுவரலாமே என்றால், பாதுகாக்கப்பட்ட கட்டிடம், சுவரைத் துளைத்துப் புகைபோக்கிக் குழாய் போட அனுமதி கிடைப்பது கஷ்டம், தரையை வெட்ட முடியாது, பழைய வயரிங் கனமான அடுப்புகளைத் தாங்காது. இது நிஜமான சிக்கல்தான், அதற்காக யாரையும் திட்ட மாட்டேன். ஆனால் சமையலறை தூரம் என்று தெரிந்த பிறகும் மெனுவில் மொறுமொறுப்பான மீனைப் போடுவது யார் கட்டாயம்? மெதுவாக வேகிற, கொஞ்சம் நின்றாலும் கெடாத உணவு எத்தனையோ இருக்கிறது. தூரத்துக்குத் தகுந்தபடி மெனு போடத் தெரிந்தவர்தான் அந்தக் கட்டிடத்துக்கு ஏற்ற செஃப்.

இரண்டாவது, அந்தப் பெரியவர் சொன்ன விருந்து. பெரிய ஹோட்டல்களுக்கு லாபம் முதன்மையாக அறைகளிலிருந்து வருகிறது. சாப்பாட்டில் பார்த்தால் விருந்துகளில்தான் காசு: எத்தனை பேர், என்ன உணவு, எத்தனை மணிக்கு என்று முன்பே தெரியும், வீணாவது குறைவு, பணமும் முன்பே வந்துவிடும். தனித்தனியாக வந்து, தனித்தனியாக ஆர்டர் செய்கிற நம்மைப் போன்றவர்களைக் கவனிக்க ஆள் அதிகம் வேண்டும், மிஞ்சுவது குறைவு. ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எந்தப் பக்கம் சமையல்காரர்கள் போவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கூடம் பாதி காலியாக இருந்தும் சாப்பாடு தாமதமாவதற்கு இதுவே காரணம். காலி மேஜைகளைப் பார்த்து, கூட்டம் இல்லை, நன்றாகக் கவனிப்பார்கள் என்று நாம் கணக்குப் போடுகிறோம். சமையலறைக்குள் கூட்டம் இருப்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வருத்தமானது. இந்த இடங்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வாழ்க்கையில் ஒரு தடவை வருகிறவர்கள். தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் ஒரு நாள் குழம்பு சரியில்லை என்றால் மறுநாள் நீங்கள் போக மாட்டீர்கள், கடைக்காரருக்கு உடனே தெரிந்துவிடும். பழைய ஹோட்டலில் நீங்கள் திரும்பி வராவிட்டாலும் அதைக் கவனிக்க யாரும் இல்லை, ஏனென்றால் நீங்கள் எப்படியும் திரும்பி வரப் போவதில்லை என்றுதான் கணக்கு. உங்களுக்குப் பதில் நாளைக்கு இன்னொருவர் அதே படங்களைப் பார்த்துக்கொண்டே உள்ளே வருவார். பெயர் அவர்களை அழைத்து வருகிறது, சாப்பாடு அழைத்து வர வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. நம் பங்குக்கு நாமும், விசேஷ நாளில் மனக்கசப்பு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டு, படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

இதோடு நிர்வாகம் பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. கட்டிடம் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கும், நடத்துவது வேறொரு கம்பெனி, உணவகம் சில சமயம் மூன்றாவது ஒருவரின் குத்தகையில், பலகையில் இருக்கும் செஃபின் பெயரோ ஒப்பந்தத்தின் பேரில் வந்தது. பழைய வால்டார்ஃப் இடிக்கப்பட்ட பிறகு நியூயார்க்கில் வேறு இடத்தில் எழுந்த வால்டார்ஃப் அஸ்டோரியாவை 2015-இல் ஒரு சீனக் காப்பீட்டு நிறுவனம் 195 கோடி டாலருக்கு வாங்கியது. நடத்துகிற பொறுப்பு மட்டும் ஹில்டன் என்ற ஹோட்டல் கம்பெனியிடமே 100 வருடத்துக்கு இருக்கும் என்று ஒப்பந்தம். இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, பெரிய ஹோட்டல்களில் இது சகஜம். ஆனால் ஒரு தட்டில் சூப் ஆறிப் போய் வந்தால், அது எனக்கு அவமானம் என்று நினைக்கிற ஒரே ஓர் ஆள் அந்தச் சங்கிலியில் யார்? ரிட்ஸ் மாதிரி, கூடத்தில் நின்று ஒவ்வொரு மேஜையையும் கண்ணால் அளந்த ஒருவர் இருந்திருந்தால், அந்தச் சாஸ் ஊற்றிய மீன் சமையலறைக் கதவைத் தாண்டியிருக்காது.

நான் மேலாளருக்கு விவரமாக ஒரு கடிதம் எழுதினேன், காய்ந்த கோடு உட்பட. பதில் வந்தது. எங்கள் கருத்து விலைமதிப்பற்றது என்றும், இவ்வளவு பழமையான கட்டிடத்தில் சில வரம்புகள் இருப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். முள்கரண்டி பதிந்த மீனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பழமையான கட்டிடம் என்பதற்கும் அதே துண்டைத் திருப்பி அனுப்பியதற்கும் என்ன சம்பந்தம்? வரலாறு என்ற பெயரில் கூடுதல் விலை வாங்கிக்கொண்டு, அதே வரலாற்றைச் சாக்காகவும் காட்டினால் எப்படி?

நன்றாக நடத்துகிற பழைய ஹோட்டல்களும் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். ஒன்றில் நான் சாப்பிட்ட மதியச் சாப்பாடு இன்னும் நாக்கில் இருக்கிறது. மெனு ஒரே ஒரு பக்கம், அதில் வரலாறு கிடையாது. சூப் கிண்ணத்தை வெறும் கையால் தொட முடியாத அளவுக்குச் சூடு பண்ணி, காலிக் கிண்ணத்தை முதலில் வைத்துவிட்டு, சூப்பைக் குடுவையில் தனியாகக் கொண்டு வந்து மேஜையிலேயே ஊற்றினார்கள். அங்கேயும் சமையலறை கீழேதான். யாரோ ஒருவர் உட்கார்ந்து, இங்கே சூப் ஆறிப்போகிறதே, என்ன செய்யலாம் என்று யோசித்திருக்கிறார். செலவு ஒன்றும் பெரிதாக இல்லை. ரொட்டி சின்னதுதான், ஆனால் அன்றைக்குச் சுட்டது. பரிமாறிய பெண்ணிடம் இன்று எது நன்றாக இருக்கும் என்று கேட்டதற்கு, மெனுவைப் பார்க்காமலே, "ஆட்டுக்கறி எடுத்துக்குங்க, காலையில இருந்து அடுப்புல இருக்கு" என்றார். அவர் அதை ருசி பார்த்திருக்கிறார் என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

அதனால் இப்போதெல்லாம் இப்படிப்பட்ட இடத்துக்குப் போவதற்கு முன் போன் செய்து, அன்றைக்கு விருந்து ஏதாவது இருக்கிறதா என்று நேராகவே கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் மறைக்காமல் சொல்கிறார்கள். இருந்தால் நாளை மாற்றிக்கொள்வேன். விருந்துகள் அதிகம் நடப்பது மாலையிலும் வார இறுதியிலும் என்பதால், வார நாளில் மதியச் சாப்பாடு பெரும்பாலும் பாதுகாப்பானது. மெனு புத்தகம் மாதிரி தடிமனாக இருந்தால் எச்சரிக்கையாகிவிடுவேன். அத்தனை உணவையும் புதிதாகச் செய்ய எந்தச் சமையலறையிலும் ஆள் கிடையாது, பாதி உறைந்த நிலையில் காத்திருக்கும். மொறுமொறுப்பு தேவைப்படுகிற எதையும் ஆர்டர் செய்வதில்லை. முதலில் வருகிற ரொட்டியைப் பிய்த்துப் பார்ப்பேன், நடுவில் ஜில்லென்று இருந்தால் ஒரே ஓர் உணவோடு நிறுத்திக்கொண்டு காபிக்கு முன் எழுந்துவிடுவேன். ஆசையாக இருக்கிறது, கட்டிடத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்றால், முன்கூடத்தில் ஒரு காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கலாமே, அதற்கு முழு விருந்துக்கான பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

சரியில்லாத தட்டு வந்தால் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொல்லாதீர்கள், தட்டு மேஜையில் இருக்கும்போதே மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பரிமாறுகிறவரிடம் குரலை உயர்த்துவதில் எந்தப் பயனும் இல்லை. அவர் சமைக்கவும் இல்லை, ஆட்களைக் கீழே அனுப்பவும் இல்லை, நாள் முழுக்க மற்றவர்கள் தவறுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறவர் அவர். வீட்டுக்கு வந்து எழுதும்போது தேதி, நேரம், எந்த உணவு, அதில் என்ன கோளாறு என்று குறிப்பிட்டு எழுதுங்கள், "சாப்பாடு சுமார்" என்று மொட்டையாக எழுதினால் மன்னிப்புக் கடிதம்தான் வரும். பரிமாறியவர் பெயரைச் சொல்வதாக இருந்தால், அவரைப் பாராட்டுவதற்காக மட்டும் சொல்லுங்கள்.